முதலில் பார்த்தவன்

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் உதயாவுக்கு முதலில் உறுத்தியது அந்தக் கண்ணாடிதான். நடுவில் தொங்கும் கண்ணாடி பின்னால் வரும் ரோட்டைக் காட்ட வேண்டும். அதற்குத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். இது பின்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுகிறவன் ரோட்டை மறந்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருக்கும் யாரையோ கவனித்துக்கொண்டே ஓட்டியதுபோல நன்றாகக் குனிந்திருந்தது. அவன் அதை நிமிர்த்தித் தன் கண்ணுக்கு வைத்தான். ஷெட்டின் பின்ஜன்னலும், அதற்கப்பால் மலைமேல் கோயிலில் போட ஆரம்பித்திருந்த விளக்குகளும் தெரிந்தன.

ஆடிக் காற்று தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கிருத்திகைக் கூட்டம் ஊரைவிட்டுப் போயும் திருத்தணித் தெருக்களில் கற்பூரமும் மொட்டைத்தலைச் சந்தனமும் மிதிபட்ட பூவும் கலந்த வாடை அடங்கவில்லை. அது இந்த ஷெட்டுக்குள்ளும் வந்து, பெட்ரோல் வாடையோடும், வண்டிக்குள் இன்னும் தங்கியிருந்த ஸ்ரீதரின் ஜவ்வாது வாடையோடும் சேர்ந்து உதயாவின் மூக்கில் ஏறியது. ஆள் செத்தும் வாசனை போக மாட்டேன் என்கிறதே என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது. செத்தவன்மேல் பொறாமைப்படக் கூடாது என்று உலகத்தில் ஒரு நியாயம் உண்டு. அந்த நியாயமெல்லாம் உதயாவுக்கு எந்தக் காலத்திலும் ஒத்துவந்ததில்லை.

"எப்படிக் கீது பாவா?"

டீயோடு வந்து நின்றாள் பிரபாவதி. ஸ்ரீதரின் மனைவி, சித்திரையில் அவனைப் பறிகொடுத்தவள். உதயாவுக்கு மாமன் மகள்; முறைக்கு அவனைப் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"இப்பதான உக்காந்தேன். பாக்கணும்."

"நாளைக்குப் பெங்களூர்லேர்ந்து ஒருத்தர் வராரு. எனக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்? நீ கண்ணு வெச்சு ஒரு வெல சொல்லிட்டீன்னா, அதான் வெல. எம் பொண்ணு அபி காலேஜுக்கு இத்தத்தான் நம்பிகினு கீறேன்."

உதயா கண்ணு வெச்சா தப்பாது. தொழிலில் அவனுக்குக் கிடைத்த பட்டம் அது. திருத்தணியிலும் அரக்கோணத்திலும் பழைய வண்டி வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அவன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சொல்வதைத்தான் விலை என்பார்கள். பட்டி பூசி மறைத்த அடியும் மாற்றிப் போட்ட கதவும் அவனிடம் தப்பாது.

இந்த வண்டிக்கோ மறைக்க ஒன்றுமில்லை. பார்வைக்கு வீட்டுக்கு வீடு நிற்கிற குட்டிக் கார்தான். இருபது வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, பெரிய காருக்கு வைக்க வேண்டிய இன்ஜினை இந்தச் சின்ன உடம்புக்குள் திணித்துக் கொஞ்ச காலம் விற்றுப் பார்த்தது. வாங்க ஆளில்லை, நிறுத்திவிட்டது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது பித்துப் பிடித்து அலைகிறார்கள். ஓடுகிற நிலையில் ஒன்று கிடைப்பதே அபூர்வம். அதிலும் மஞ்சள் நிறத்தில், கம்பெனி பெயிண்ட் கலையாமல் இருப்பது அவனுக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

புத்தூரில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கு நடுவே இது கிடந்ததை முதலில் பார்த்தவன் உதயாதான். பார்த்துவிட்டு வந்த பூரிப்பில் டீக்கடையில் ஸ்ரீதரிடம் வாயை விட்டான். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே ஸ்ரீதர் போய் இறங்கிவிட்டான். பிரபா விஷயமும் அப்படித்தான். முறைப்பெண்தானே, மாமாவும் வாக்குக் கொடுத்திருக்கிறார், எங்கே போய்விடப் போகிறாள் என்று இவன் மெத்தனமாக இருந்தான். ஸ்ரீதர் போய்ப் பெண் கேட்டுவிட்டான். இரண்டையும் முதலில் பார்த்தவன் உதயா, இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஸ்ரீதர் வீடு. 'நான்தான் மொதல்ல பாத்தேன்' என்று அவன் ஒருத்தரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத நாளும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீதர் இந்த வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பான். எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சொத்தைப் பல்லுக்காகக் கிராம்பைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, உதயா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான்.

இறங்கி வேலையை ஆரம்பித்தான். துணி சுற்றிய காந்தத்தைப் பக்கவாட்டில் ஓட்டினான்; எங்கேயும் பிடி நழுவவில்லை, பட்டி இல்லை. கதவு ரப்பரை உரித்துப் பார்த்தான். கம்பெனியில் வைத்த வெல்டிங் புள்ளிகள் வரிசை கலையாமல் இருந்தன. பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட காயம்கூட இல்லை. எப்போதோ ஜாக்கி நழுவி வெட்டிய தழும்பு இருந்த வலது கட்டைவிரலால் பெயிண்டை மெதுவாகத் தடவினான். ஒரு குறையாவது இருக்காதா என்று தேடத் தேட, குறை இல்லாததே அவன் வயிற்றில் நெருப்பை வைத்தது. பாவி, என்னமாய் வைத்திருந்திருக்கிறான். என்னிடம் இருக்க வேண்டியதை.

இன்ஜினைக் கேட்கலாம் என்று மறுபடி உள்ளே உட்கார்ந்தான். கண்ணாடி குனிந்திருந்தது. பின்சீட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

திருகு தளர்ந்திருக்கும் என்று நினைத்தான். அசைத்துப் பார்த்தால் இறுக்கமாக இருந்தது. நிமிர்த்த இரண்டு கையும் வேண்டியிருந்தது. நிமிர்த்தும்போது கவனித்தான். பின்சீட்டின் நடுவில் ஒரு பள்ளம். ஒரு கனத்த ஆள் நாள்கணக்கில் உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

"பின்னாடி யாரு உக்காருவாங்க, பிரபா?"

"யாரும் உக்கார மாட்டாங்க. பெத்த பொண்ணையே ஏறவுட மாட்டாரு, சீட்டு அழுக்காயிடும்னு."

பின்கதவைத் திறந்து உள்ளே தலையை நீட்டினான். ஜவ்வாது வாடை இங்கே இல்லை. வேறொரு வாடை, காரமாக, பழக்கமான வாடையாக இருந்தது. சீட்டு மடிப்பில் விரலை விட்டான். மென்று துப்பிய கிராம்பு ஒன்று விரலோடு வந்தது. ஈரம் காயவில்லை.

"ஸ்ரீதர் கிராம்பு மெல்லுவானா?"

"அவருக்கு அந்த வாசனையே ஆவாது" என்றாள். சொல்லும்போது அவள் பார்வை உதயாவின் இடது கன்னத்தில் இருந்தது. பிறகு அவளாகவே சொன்னாள்: "அந்தக் கண்ணாடிய அவருதான் பாவா குனிய வெச்சாரு. கடைசில கொஞ்ச நாளா ஒரே பொலம்பல். பின்னாடி ஒருத்தன் உக்காந்துகினு என் கழுத்தையே பாத்துகினு கீறான் பிரபான்னுவாரு. வண்டிய வித்துடுங்கன்னேன். கேக்கல. ரயில்வே கேட்டாண்ட நின்னுகினு இருந்தப்ப, ஸ்டீரிங்கப் புடிச்ச புடியில போயிட்டாரு. மாரடைப்புன்னாங்க."

"யாருன்னு சொன்னானா?"

"டீ ஆறிடுச்சே. வேற போடட்டா?"

வேண்டாம் என்று தலையாட்டினான். பயம் ஒரு பக்கம் இருக்க, ஆசை அதன் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. புருஷனைப் பறிகொடுத்தவள் எதையோ பேசுகிறாள். நாளைக்குப் பெங்களூர்க்காரன் வந்து இதைப் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், கைக்கெட்டியது வாய்க்கெட்டாது. உதயா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் தொழிலில் அதுவரை சொல்லாத பொய்களைச் சொல்ல ஆரம்பித்தான்.

"அடியில பூரா துரு ஏறிக்கீது பிரபா. இன்ஜின் ஆயில் குடிக்குது. பெங்களூர்க்காரன் பாத்தான்னா தொடாம போயிடுவான். ஆடி மாசத்துல வேற எவன் வாங்குவான், சொல்லு? வெளியாளுக்குப் போறதுக்கு நானே எடுத்துக்கறேன்."

நியாயமான விலையில் கால்வாசியைச் சொன்னான். சொல்லும்போது நாக்குக் கூசவில்லை. அபியின் முகம்கூட நினைவுக்கு வரவில்லை.

"சரி பாவா" என்றாள் பிரபா.

அவ்வளவுதானா? பேரம் இல்லை, யோசனை இல்லை. உறுமீனுக்காகக் காத்து நின்ற கொக்குக்கு மீன் தானாக வந்து வாயில் விழுந்தால், கொக்குக்கே சந்தேகம் வரும்.

"இப்பவே எடுத்துகினு போயிடு. ராத்திரி இது இங்க இருக்க வேணாம். செவ்வாக்கெழமையா வேற கீது, திருஷ்டி கழிச்சு அனுப்பறேன்."

அவன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் நாலு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். பூசணிக்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றி, வண்டியை மூன்று தரம் சுற்றினாள். கற்பூரப் புகை முன்கண்ணாடிமேல் படிந்து படிந்து விலகியது. அதற்கு அப்பால் அவள் முகம் வந்து வந்து போனது.

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, கொள்ளிக் கண்ணு..."

அவன் பக்கத்துக் கதவோரம் வந்தபோது குரல் தாழ்ந்தது.

"மொதல்ல பாத்த கண்ணு."

உதயா சட்டென்று அவள் பக்கம் திரும்பினான். அந்த வார்த்தை யாருக்கும் தெரியாது. அவன் யாரிடமும் சொன்னதே இல்லை.

"முச்சந்தி தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்காத பாவா."

"பிரபா. யாருன்னு சொன்னானா, இல்லியா?"

"சொன்னாரு." தெருவில் அவள் பூசணிக்காயைப் போட்டு உடைத்தாள். "வெளிச்சம் போவுது. கெளம்பு."

எலுமிச்சம்பழங்கள் டயருக்கடியில் நசுங்கின. வண்டி தெருவில் இறங்கியதும் ஒரே இழுப்பு. அந்த இழுப்பில் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டபோது உதயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடமாக இவன் பெஞ்சில் உட்கார்ந்து காதால் மட்டும் கேட்ட சத்தம் இப்போது இவன் காலடியில் உறுமியது. என் வண்டி. இனிமேல் என் வண்டி. டீக்கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே ஹார்ன் அடித்தான். பெஞ்ச் காலியாக இருந்தது.

மார்க்கெட் தெருவில் வேகத்தடை. முன்சக்கரம் லேசாக ஏறி இறங்கியது. பின்பக்கம் தடாலென்று விழுந்தது.

காலி வண்டி அப்படி விழாது. ஸ்பிரிங் நன்றாக இருந்ததை அவனே பார்த்தான். அது ஓர் ஆளின் கனம். வண்டியின் கனம் அவனுக்குத் தெரியாதா? மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இந்தக் கனம் மடியில் இல்லை. பின்னால் இருந்தது.

திரும்பிப் பார்க்கக் கூடாது. முச்சந்தி ரயில்வே கேட்டைத் தாண்டித்தான். கொஞ்ச தூரம். ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான்.

கேட் மூடியிருந்தது.

நிறுத்தினான். அணைத்தான். முன்னால் கேட், பின்னால் லாரி ஒன்று வந்து நின்றது. காற்று நின்றுபோயிருந்தது. தண்டவாளத்தில் தூரத்து அதிர்வு. அதோடு இன்னொரு சத்தம். சின்ன சத்தம். காதுக்குப் பின்னால்.

யாரோ எதையோ மெல்லுகிறார்கள்.

உதயா தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். தாடை அசையவில்லை. கன்னத்தில் கிராம்பும் இல்லை.

கூட்ஸ் வண்டி வந்தது. பெட்டிக்குப் பெட்டி நடுவே எதிர்ப்பக்க வண்டிகளின் வெளிச்சம் உள்ளே விழுந்து விழுந்து அணைந்தது. வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். கண்ணாடி குனிந்திருந்தது. அவன் தொடவில்லை. அது தானாகக் குனிந்திருந்தது.

கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதில் சேருமா? கழுத்தைத் திருப்பவில்லையே. கண்ணை மட்டும்தானே.

பார்த்தான்.

நீலக் கட்டம் போட்ட சட்டை. அவன் போட்டிருந்த சட்டை. அதே முன்வழுக்கை. இடது கன்னத்தில் கிராம்பு அடக்கிய மேடு. இருட்டு. வெளிச்சம். கண்கள். தினமும் கண்ணாடியில் அவன் பார்த்துத் தலைசீவுகிற கண்கள் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, யாரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்திருந்தபோது, அவன் முகத்தில் இருந்த கண்கள். இப்படியா பார்த்தேன்? இவ்வளவு நாளும் இப்படியா?

அது வண்டியைப் பார்க்கவில்லை. ஓட்டுகிறவனின் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டேய்" என்றான் உதயா. "நான்தான்டா. நானே வாங்கிட்டேன். நம்ம வண்டிடா."

மெல்லுவது நிற்கவில்லை. அதற்கு ஆள் யாரென்ற கணக்கில்லை. சீட்டில் உட்கார்ந்திருப்பவன் யாராக இருந்தாலும் சரி.

கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கினார்கள். பின்னால் லாரிக்காரன் ஹார்ன் அடித்தான். மறுபடியும் அடித்தான். உதயாவின் கால் கிளட்சைத் தேடியது. கிடைக்கவில்லை. பின்சீட்டு ஸ்பிரிங் முனகியது. கிராம்பு வாடை பிடரியில் சூடாகப் பட்டது.

"நான்தான் மொதல்ல பாத்தேன்" என்றது, அவன் குரலில்.

பின்னாலிருந்து இரண்டு கைகள் அவன் தோளுக்கு இருபுறமும் மெதுவாக நீண்டு வந்து, ஸ்டீரிங்கில் இருந்த அவன் கைகளின்மேல் படிந்து இறுகின. மேலே இருந்த வலது கட்டைவிரலில், ஜாக்கி நழுவி வெட்டிய தழும்பு இருந்தது.