வண்டு விழாத பாட்டில்

தனபால் இரண்டு பாட்டில்களையும் மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் அவற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுல ஒண்ணு நெசமுங்க, ஒண்ணு ஏமாத்து. நெசமான வேர் எங்க போச்சுன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லோணும்."

நஸீம் பானு தடய அறிவியல் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, சேந்தமங்கலத்துக்கே திரும்பியவர். அவசரப்படும் பழக்கம் அவருக்கில்லை. அதற்கென்றே தம்பி இலியாஸ் இருந்தான். கடைவீதியில் மளிகைக்கடை, மிச்ச நேரமெல்லாம் அக்காவின் வழக்குகள்.

தனபால் சொன்னார். மனைவி கோகிலவாணிக்கு மார்பில் புற்று. இப்போது எலும்புக்கும் பரவிவிட்டது. அவள் அண்ணன் காளியண்ணன் மலையில் ஒரு வேரைத் தோண்டிக் கொடுத்தார். அதை வீட்டில் இடித்து, வெளியூர்க் கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் தனபாலின் அண்ணன் மகள் யமுனாவிடம் கொடுத்தனுப்பினார்கள். தட்டில் வளர்ந்த புற்றுச் செல்களுக்கு நடுவே ஒரு கோடு கீறினால், அவை ஊர்ந்து வந்து கோட்டை மூடிவிடுமாம். இந்த வேரின் சாறு விட்ட தட்டில் கோடு மூடவில்லை. செல்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

"அடுத்த தடவை மச்சான் மெஷின்ல அரைச்சே கொண்டாந்தாருங்க. அதை ஊத்துனா கோடு மூடிப்போச்சு. நல்ல வேரை மருந்துக் கம்பெனிக்காரனுக்கு வித்துட்டாரு. அது கெடைக்கட்டும்னு ஆஸ்பத்திரி ஊசியைக்கூட நிறுத்தி வெச்சிருக்கேன்."

பானு நிமிர்ந்தார். "வலிக்குப் போடற ஊசியையுமா?"

"ஊசின்னா எல்லாந்தானுங்க."

இலியாஸ் பழைய பாட்டிலைத் திறந்து மோந்தான். அடுக்கடுக்காகத் தும்மினான்.

"கடையிலதான் நாள் பூரா தும்முறேன்னா இங்கயுமாக்கா?"

புதியதைத் திறந்தான். பொடிக்குள் பழுப்பு நிற வண்டுகள் நெளிந்தன. "பழசு சுத்தமா இருக்கு, புதுசுல வண்டு. உளுத்த வேர்க்கா. போலி இதுதான்."

பானு தனபாலிடம் திரும்பினார். "முதல் வேரை யார் இடிச்சாங்க?"

"கோகிலாதானுங்க. அப்ப எந்திரிச்சு நடமாடுவா."

"கூட என்ன போட்டாங்க?"

"ஒண்ணும் போடலீங்க. வெறும் வேருதான்."

மறுநாள் மலைமேல் திண்ணனூர் நாட்டிலிருந்த தனபாலின் வீட்டுக்கு அக்காவும் தம்பியும் போனார்கள். கோகிலவாணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பானு வரச் சொன்னதற்காகக் காளியண்ணனும் வந்து, வாசற்படியோடு நின்றுகொண்டார்.

"உள்ள வா அண்ணா."

"திருடன் எதுக்குச் சாமி உள்ள வர்றது? இங்கயே நிக்கறேன்."

தனபால் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"ரெண்டு பொடியையும் நுண்ணோக்கியில பார்த்தேன்," என்றார் பானு. "ரெண்டும் ஒரே வேர். யாரும் வேரை மாத்தலை; பழசுல மட்டும் வேற ஏதோ கலந்திருக்கு. அதோட புதுசுல வண்டு இருக்கு, அதைவிட நாளான பழசுல இல்லை. ஏன்?" கோகிலவாணியின் பக்கம் திரும்பினார். "வண்டு விழாம இருக்க என்னம்மா செய்வீங்க?"

"ரெண்டு கை மொளகு போட்டு இடிப்போமுங்க."

"ஒண்ணும் போடலைன்னாரே உங்க வீட்டுக்காரர்."

"அதைப் போயி யாராச்சும் சொல்லுவாங்களா? வேரு இடிக்கறதுன்னாவே மொளகு போட்டுத்தானுங்க."

வாசலிலிருந்து காளியண்ணன் சொன்னார்: "நான் போடலீங்க. உடனே குடிக்கறதுதானேன்னு விட்டுட்டேன். மொளகு கொண்டுபோனா மெஷின்காரன் கத்துவான், அடுத்தவங்க மாவு காரமாயிருமுன்னு."

"அப்ப செல்லை நிறுத்துனது மொளகுதானா?" இலியாஸ் எழுந்தே விட்டான். "என் தும்மல்லயே இருந்திருக்கேக்கா."

தனபால் வெளியே பார்த்தார். சவுக்கு மரமெல்லாம் மிளகுக் கொடி ஏறியிருந்தது. "எங்க தோட்டம் பூரா மொளகுதானுங்களே," என்றார்.

பானு மெதுவாகச் சொன்னார்: "மிளகுல இருக்கற ஒரு பொருள் தட்டுல செல்லை நகர விடாதுங்கறது புதுசில்லை தனபால். தட்டுல அது செல்லு மேலயே நிக்குது. நாம தின்னா ரத்தத்துக்குப் போய்ச் சேர்றது கொஞ்சம். அப்படியே சேர்ந்தாலும், பரவறதைத்தான் தடுக்கப் பார்க்கும். பரவிப் போனதை..."

அவர் முடிக்கவில்லை. கோகிலவாணி முடித்தாள்.

"பொறந்ததுலருந்து தின்னுட்டுத்தானுங்க இருக்கேன்."

காளியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தங்கையின் அருகில் உட்கார்ந்தார்.

"காலையில முதல் பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போலாம் மாப்ள. வலியாச்சும் கொறையட்டும்."

தனபால் தலையாட்டினார்.

அவர்கள் போனபின் உரலில் மிளகை இடித்து அவரே ரசம் வைத்தார். கோகிலவாணி ஒரு வாய் குடித்தாள். தம்ளருக்குள் பார்த்தாள்.

"ஏனுங்க, மொளகு போட்டீங்களா?"

"போட்டேன் கண்ணு."

"காரமே தெரியலீங்க."

இடிக்கும்போது தெறித்தது அவர் கண்ணில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இடிக்க எழுந்து போனார்.