நாளுக்கு ஒரு கிலோ

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா வந்து சேர்ந்தபோது, நர்ஸ் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில், எடை மெஷின்மேல், ஒரு பெரிய நீலப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். பெட்டிக்குப் பின்னால் அவள் முகமே தெரியவில்லை.

“என்னடி இது, பெட்டிக்குக் கால் முளைச்சு நிக்குது?” என்றாள் அக்கா, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

“கிண்டலெல்லாம் அப்புறம். குனிஞ்சு நம்பரைப் பாத்துச் சொல்லுக்கா, கை விட்டுப்போகுது.”

“எண்பதரை.”

நர்ஸின் எடை ஐம்பத்தெட்டு. கழித்தால் பெட்டி இருபத்திரண்டரை. விமானத்தில் இருபத்துமூன்று வரை விடுவார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, பெரிய பரீட்சையில் தேறியவள்போல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நண்பகல் விமானம். அவளுக்கும் ஏழு வயது மகளுக்கும் இரண்டு டிக்கெட். மகளை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, வாண்டுதான். வாண்டின் அப்பா வெளிநாட்டுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. இப்போதெல்லாம் அவர் வாண்டுக்கு போனில் வரும் ஒரு முகம், அவ்வளவுதான். இரண்டு தடவை விசா கைக்கு வந்து நழுவிப்போய், மூன்றாவது தடவை அங்கேயே ஒரு மருத்துவமனையில் வேலையும் கிடைத்திருந்தது. இதையும் விட்டால் குடும்பம் ஆளுக்கொரு மூலையில் கிடக்க வேண்டியதுதான் என்று நர்ஸுக்குத் தெரியும். அதனால்தான் ஒரு வாரமாக அவள் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. கட்டுவாள், பிரிப்பாள், பூட்டினாளா என்று எழுந்துபோய்ப் பார்ப்பாள்.

“ஆஸ்பத்திரியில எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?” என்று கேட்டாள் அக்கா.

“ம். நேத்தோட முடிஞ்சுது. எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு.”

அது பொய்.

ஒருத்தரிடம் சொல்லவில்லை. டயாலிசிஸ் வார்டில் மூன்றாம் நம்பர் நாற்காலிக்கு வரும் டெய்லரம்மாவிடம். ஒற்றைநாடி உடம்பு, முப்பத்தெட்டு கிலோ. நான்கு வருடமாகத் திங்கள், புதன், வெள்ளி தவறாமல் வருபவர். அவருடைய இடது கை நரம்பு பிடிபடாத நரம்பு. மற்ற நர்ஸுகள் நான்கைந்து தடவை குத்தி, கை முழுக்க நீலமாக்கி, கடைசியில் அழ வைத்துத்தான் விடுவார்கள். இவள் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியை வைப்பாள். ஆபரேஷன் செய்து இணைத்த அந்த நரம்புக்கு ஒரு துடிப்பு உண்டு. பூனையின் முதுகில் கை வைத்தாற்போல், கர்ர்ர் என்று விரலுக்குள் ஓடும். அதைப் பிடித்து ஒரே குத்தில் ஊசியை இறக்கிவிடுவாள். முதல் வருடமே ஒருநாள் டெய்லரம்மாவின் அழுகையை அடக்குவதற்காக அவள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

“நான் உங்களை விட்டு எங்கயும் போகமாட்டேன். வேற யாரும் உங்க கையைத் தொடமாட்டாங்க. போதுமா?”

அந்த வார்த்தையைத்தான் அந்த அம்மாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். வேலையை விடும் செய்தி வார்டு முழுக்கத் தெரிந்தும், அவர் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டாள் நர்ஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம். கடைசி நாள் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, வழக்கம்போல, “திங்கக்கிழமை பாக்கலாம்மா” என்று சிரித்துச் சொல்லி அனுப்பிவிட்டாள். முகத்தைப் பார்த்து விடைபெறும் தைரியம் அவளுக்கு இல்லை. இதுதான் அவள் செய்த பிழை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனசு கேட்காமல் இன்னொரு தடவை எடை பார்த்தாள். இருபத்துநான்கு.

“நீ என்னத்தைத் திணிச்சே?” என்று அக்காவிடம் பாய்ந்தாள்.

“ரெண்டு துண்டு வெச்சேன்டி. அங்க போய் ஈரத்தலையோட நிப்பியேன்னு வெச்சேன். அதுக்கா இப்படிக் குதிக்கற?”

துண்டுகளை எடுத்தாள். இரண்டு புத்தகங்களையும் எடுத்தாள். இருபத்திரண்டரைக்கு வந்தது. ஜிப்பை மூட வாண்டு வழக்கம்போல் மூடியின்மேல் ஏறி உட்கார்ந்து குதித்தாள். பூட்டுகிற வேலை அவளுடையது.

திங்கட்கிழமை காலை மறுபடியும் ஏறி, இருபத்துமூன்றரை.

இந்தத் தடவை அக்கா தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். மெஷின்தான் கோளாறு என்று சொல்லித் தானே ஏறி நின்று பார்த்தாள். அவள் எடையைச் சரியாகத்தான் காட்டியது, வழக்கம்போல அவளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. நர்ஸ் குக்கரை வெளியே எடுத்து வைத்தாள். அப்போது போன் அடித்தது. வார்டு நம்பர். மூன்றாம் நாற்காலியைப் பற்றித்தான் இருக்கும் என்று உள்ளுக்குள் தெரிந்தது. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். அது மேஜையில் கிடந்து அதிர்ந்து, தானே ஓய்ந்தது.

செவ்வாயன்று கம்பளிச் சட்டையை எடுத்தாள். புதனன்று காலணிகளை எடுத்தாள். புதனன்று போன் மூன்று தடவை அடித்தது. அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

வியாழன் காலை பெட்டி பாதிதான் இருந்தது. எடை மட்டும் இருபத்துமூன்றரை.

கூடத்தில் ஒரு வாசனை. முதலில் தரை துடைத்த வாசனை என்றுதான் நினைத்தாள். மருந்தும் பிளீச்சிங் பவுடரும் கலந்த, நான்கு வருடம் அவள் சீருடையில் ஊறிக் கிடந்த வாசனை. வீட்டில் அன்றைக்கு யாரும் இன்னும் தரை துடைக்கவில்லை.

அக்கா வாண்டைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் சான்றிதழ் வாங்கப் போயிருந்தாள். நர்ஸ் கதவைச் சாத்தினாள். பெட்டியைக் கவிழ்த்து, கைக்குட்டை முதற்கொண்டு எல்லாவற்றையும் வெளியே கொட்டினாள். பெட்டியின் பக்கப் பைகளில் கைவிட்டுத் துழாவினாள். வெற்றுப் பெட்டியை மெஷினில் நிற்க வைத்தாள். கடையில் வாங்கியபோது அதன் எடை நான்கு கிலோ. சீட்டு இன்னும் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மெஷின் ஒன்பது காட்டியது.

சனியிலிருந்து வியாழன். ஐந்து நாள். ஐந்து கிலோ.

நாளுக்கு ஒரு கிலோ ஏறும் எடை எதுவென்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. சிறுநீரகம் கைவிட்டவர்கள் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கும். அதனால்தான் அவர்களை நாற்காலியில் உட்கார வைக்குமுன் எடை பார்ப்பார்கள், கால் வீங்கிக் குழி விழுகிறதா என்று அழுத்திப் பார்ப்பார்கள், ஏறியதை டயாலிசிஸ் மெஷின் இறக்கும். டெய்லரம்மாவுக்கு நாளுக்குச் சரியாக ஒரு கிலோ. நான்கு வருடமும் அட்டையில் அதை எழுதியது இவள் கைதான். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று ‘சிஸ்டரை’க் கேட்டுக்கொண்டுதான் அவர் உட்காருவார்.



மெதுவாகக் கையை நீட்டிப் பெட்டியின் மூடியில் விரல் நுனியை வைத்தாள். கண்ணை மூடியதுகூடப் பழக்கதோஷம்தான்.

கர்ர்ர்.

கையை உதறினாள். மறுபடியும் வைத்தாள்.

கர்ர்ர் என்று, விரலுக்கு அடியில், இளஞ்சூடாக.

போனைத் தேடி எடுத்து வார்டுக்குப் போட்டாள். கூட வேலை பார்த்த நர்ஸ் எடுத்தாள். எடுத்ததும் அவள் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது.

“இப்பதான் கூப்பிடணும்னு தோணிச்சா?”

“டெய்லரம்மா...”

“திங்கக்கிழமை வந்து உக்காந்தாங்க. கையைத் துணிக்குள்ள மறைச்சுக்கிட்டாங்க, யாருக்கும் காட்டல. அவங்க வரட்டும், நான் இருக்கேன்னு மத்தியானம் வரைக்கும் உக்காந்திருந்துட்டு எழுந்து போயிட்டாங்க. நீ வேலையை விட்டுட்டேன்னு சொன்னோம். நம்பவே இல்ல. என்கிட்ட சொல்லாம போகமாட்டாங்கன்னாங்க. நேத்தும் அப்படித்தான். மூச்சு வாங்கிட்டே உக்காந்திருந்தாங்க. அதான் உனக்கு மூணு தடவை அடிச்சேன். ஒரு வார்த்தை நீ போன்ல சொல்லியிருந்தா கையைக் குடுத்திருப்பாங்க.”

“இப்ப எப்படி இருக்காங்க?”

“நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. நுரையீரல் முழுக்கத் தண்ணி.”

போன் எப்போது கையை விட்டு விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. கூடத்தில் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கீழே தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்க, “வா, வா, வா” என்று இன்னொருவர் வழி சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் அழுதாள். கொன்றுவிட்டோம் என்று நேராகவே நினைத்தாள், அதற்குச் சமாதானம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

மெஷினில் எண் மாறியது. ஒன்பது புள்ளி ஒன்று.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒன்பது புள்ளி இரண்டு.

பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டாள். வார்டில் பேசுகிற அதே தணிந்த குரலில் பேசினாள்.

“அம்மா, நான்தான். நான் போறேம்மா. அன்னிக்கே சொல்லியிருக்கணும். உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்ல. தப்புதான். என்னை மன்னிச்சிடுங்க.”

கர்ர்ர்.

“கூட வராதீங்கம்மா. நான் போயே ஆகணும். எனக்காக இல்ல. என் பொண்ணு இருக்கா. அவளுக்காக.”

துடிப்பு நின்றது.

விரலை அழுத்திப் பார்த்தாள். வெறும் பிளாஸ்டிக். மெஷின் நான்கு என்று காட்டியது. வாசனையும் போயிருந்தது. அவள் தரையில் அப்படியே சாய்ந்து, நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

மதியம் அக்கா வந்து, தரையெல்லாம் துணி இறைந்து கிடப்பதைப் பார்த்துத் திட்டித் தீர்த்தாள். வீட்டைத் தலைகீழாகத் தூக்கிக் குலுக்கினாயா என்றாள். திட்டு வாங்குவதுகூட நர்ஸுக்கு அன்று இதமாக இருந்தது. குக்கர், கம்பளி, காலணி, புத்தகம் எல்லாம் திரும்ப உள்ளே போயின. வாண்டு ஏறி உட்கார்ந்தாள். குதிக்காமலே ஜிப் மூடிக்கொண்டது. எடை இருபத்திரண்டரை.

“அம்மா, தண்ணி” என்றாள் வாண்டு, இறங்கியதும்.

மறுநாள் காலை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். டாக்சியில் வாண்டு ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்தாள். விமான நிலைய வாசலில் அக்கா, அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். வாண்டு அக்காவின் கையிலிருந்த பாட்டிலையும் வாங்கிக் குடித்தாள்.

“ஒட்டகம் மாதிரி குடிக்குதே இது. பிளேன்ல ஏறறதுக்கு முன்னாடி பாத்ரூம் கூட்டிட்டுப் போடி” என்றாள் அக்கா அழுகைக்கு நடுவே.

கவுன்டரில் பெட்டியை ஏற்றியபோது நர்ஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். சிவப்பு எழுத்தில் இருபத்திரண்டரை வந்தது. வந்த எண் அசையாமல் நின்றது. கவுன்டர் பெண் சீட்டை ஒட்டி, பெட்டியை ஓடும் பட்டையில் தள்ளிவிட்டாள். அது ரப்பர் திரைக்குப் பின்னால் போய் மறைந்தபோது, நர்ஸுக்கு உடம்பே இலேசானது. விட்டது சனி என்று நினைத்தாள். உடனே அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டாள். செத்துப்போனவரை அப்படிச் சொல்லலாமா?

உள்ளே போய்க் கண்ணாடி ஓரமாக இரண்டு இருக்கை பிடித்து உட்கார்ந்தார்கள். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே ஒரு வண்டி பெட்டிகளைத் தாங்கியபடி விமானத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

“பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?”

“வரல.”

“அவ்ளோ தண்ணி குடிச்சியே. காலையிலயாவது போனியா?”

“நேத்து மத்தியானத்துலேர்ந்தே வரலம்மா. ஷூ வலிக்குது.”

“புது ஷூ இல்லையே, கண்ணு. நேத்துகூடப் போட்டுட்டுதானே ஓடினே?”

நர்ஸ் குனிந்து ஷூவை இழுத்தாள். வரவில்லை. நாடாவை முழுக்க அவிழ்த்து, குதிகாலைப் பிடித்துத் திருகி இழுத்தாள். சாக்ஸைக் கழற்றினாள். சாக்ஸின் விளிம்பு, கணுக்காலைச் சுற்றி, ஆழமாக ஒரு வளையம் போட்டிருந்தது.

கால் பளபளவென்று இருந்தது.

ஒன்றுமிருக்காது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலைத் தொங்கப்போட்டு டாக்சியில் உட்கார்ந்து வந்தது. வெயில். இரண்டு பாட்டில் தண்ணீர்.

கட்டை விரலைக் கணுக்காலுக்கு மேலே வைத்து, எலும்புவரை அழுத்தினாள். பிறகு எடுத்தாள். எந்தக் குழந்தையின் கால் என்றாலும் சதை உடனே எழும்பிவிடும்.

குழி அப்படியே நின்றது.

பத்து வரை எண்ணினாள். இருபது வரை எண்ணினாள். குழி மேலே வரவில்லை.

விமானத்தில் ஏற அழைத்தார்கள். சுற்றியிருந்தவர்கள் எழுந்து பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டார்கள். நர்ஸ் மகளின் காலை மடியில் வைத்தபடி, எழுந்திருக்கவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல், மெல்ல நிமிர்ந்து பார்த்தாள்.

வாண்டு தன் காலிலிருந்த குழியை, அதை ஆயிரம் தடவை பார்த்துப் பழகியவள்போல், சாவகாசமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, தன் குழந்தைக் குரலிலேயே கேட்டாள்.

“எவ்ளோ ஏறியிருக்கு, சிஸ்டர்?”