கம்பத்துக்கு ஒரு குடம்

எனக்கு அம்மை போட்டிருந்தபோது என் முகம் ரவா தோசை போல இருந்தது. நானேதான் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை.

அம்மா அழுதுகொண்டே வேண்டிக்கொண்டாள். "தாயே மாரியம்மா, புள்ள எந்திரிச்சிட்டா ஒன் கம்பத்துக்குத் தண்ணி ஊத்துதேன்."

நான் எழுந்துவிட்டேன். நாங்கள் பிழைக்க வந்திருந்த திருப்பூரில், எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டார்கள். மூன்று கிளையுள்ள மரக்கம்பம். தினமும் வீட்டுக்கு ஒரு குடமாகப் பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி அதைக் குளிர்விப்பார்கள்.

குடத்தோடு கிளம்பிய அம்மாவை, வீட்டுக்கார செல்லாத்தாள் அத்தை வாசலிலேயே நிறுத்தினார்.

"தப்பா நெனைக்காதீங்க. இது எங்க ஊர்ச் சனம் மட்டும் ஊத்தறதுங்க. உங்க சாமி உங்க ஊர்ல இருக்குதுங்களே."

திருப்பூரில் கதவைச் சாத்தினாலும் ‘ங்க’ போட்டுத்தான் சாத்துவார்கள்.

எங்கள் சுடலைமாடன் சாமி தூத்துக்குடிப் பக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் என்னைத் தேடி வந்த மாரியம்மன், நீ எந்த ஊர் என்று கேட்கவில்லையே. இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. என் வீரமெல்லாம் மனசுக்குள் மட்டும்தான்.

அம்மா தண்ணீரைத் திரும்ப அண்டாவில் ஊற்றினாள். அதன்பிறகு பனியன் கம்பெனியிலிருந்து வந்ததும் பேசாமல் படுத்துக்கொள்வாள். நான் இருமினாலே அவள் முகம் வெளுக்கும். நேர்ந்துகொண்டது பாக்கி நிற்கிறதே என்ற பயம்.

திருவிழா முடியப்போகும் சமயத்தில் செல்லாத்தாள் அத்தையின் மகள் கிருத்திகாவுக்கு அம்மை போட்டது. அம்மை போட்ட வீட்டார் கோயிலுக்குப் போகக்கூடாது. அவர்கள் வீட்டுத் தண்ணீரை எடுத்துப்போக உறவுக்காரர்களும் வரவில்லை. ஒட்டிக்கொள்ளுமாம்.

எனக்குத்தான் வந்து போய்விட்டதே. வேப்பிலையோடு உள்ளே போனேன். அரிப்பில் அழுத கிருத்திகாவின் கையை மெல்ல வருடினேன். சொறிந்தால் என்னைப் போல் ஆகிவிடுவாய் என்றேன். பயந்து கையைக் கட்டிக்கொண்டாள். கொஞ்சம் சிரித்தாள் என்றும் சொல்லலாம்.

அத்தை ஒரு நிறைகுடத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எங்க ஊட்டுத் தண்ணிய நீயே ஊத்திப்போட்டு வந்துரு, அபிராமிக் கண்ணு."

என் கை பரபரத்தது. ஆனாலும் சொன்னேன். "நேந்தது எங்கம்மா, அத்தை. அவங்களே ஊத்தட்டும். எங்க குடத்தையும் சேத்து."

அத்தை கிருத்திகாவின் போர்வையை இழுத்துவிட்டார்.

"செரி. வரச்சொல்லு."

அம்மா குளித்து, ஈரத்தலையோடு வந்தாள். எங்கள் குடத்தை நான் தூக்கிக்கொண்டேன். பாதி என் பாவாடையில்.

கோயிலில் ஒரு பெரியவர் யார் வீட்டுத் தண்ணீர் என்று கேட்டார்.

"செல்லாத்தாக்கா வீட்டுத் தண்ணி," என்று அம்மா முதல் குடத்தை ஊற்றினாள். பிறகு என்னிடமிருந்த குடத்தை வாங்கினாள். "இது எம்புள்ளைக்கு."

யாரும் நகர்ந்து வழிவிடவில்லை. யாரும் தடுக்கவும் இல்லை.

அன்றைக்கு அம்மாவுக்கு அதுவே போதுமாயிருந்தது.