தண்ணீரைத் தொடாத மோட்டார்

“பூதத்தான் எங்கன்னு சொல்லுங்க அண்ணாச்சி. பெறகுதான் மோட்டாரத் தொடுவேன்.”

அந்தப் பெயரை மட்டும் எடுக்காதே என்று வடிவிடம் அவள் அப்பா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கேட்டேவிட்டாள். மூலையில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்த அப்பா ஆறுமுகநயினாரின் கை அப்படியே நின்றது.

அய்யாத்துரை அண்ணாச்சிக்குக் கோபம் வரவில்லை. தாராவியில் பாதிப் பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர், மீதிப் பேருக்கு வாயை மூடக் கற்றுக்கொடுத்தவர். நிதானமாகக் குடையை மடக்கி உதறினார்.

“துபாய்ல இருக்காம்ட்டி. பேரீச்சம்பழமாத் தின்னு தொந்தி வச்சிருப்பான். அவன் பொண்டாட்டி கேக்கச் சொன்னாளோ?”

“நான்தான் கேக்கேன். நாளைக்கு அவன் எடத்துல ஒங்க படகுல ஏறப்போறது என் தம்பில்லா?”

“என்னவே நயினாரு, பிஎஸ்ஸி படிக்க வச்சது என்னைய விசாரிக்கவா?”

“சின்னப் புள்ள அண்ணாச்சி, தெரியாமக் கேட்டுட்டா…” அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

“தெரிஞ்சுதான் கேட்டேன்,” என்றாள் வடிவு.

அண்ணாச்சி மோட்டாரைக் குடை நுனியால் தட்டினார். “தண்ணியத் தொட்டா மேல தூக்கிக்கிடுது. போன சீசன் கடைசி ட்ரிப்லேர்ந்து இதே லஃப்டா, இதே தொல்லை. இன்னிக்கே சரிபண்ணி வை. ஒன் தம்பி பூலோகம் வந்து எடுத்துக்கிடுவான்.”

அவர் வெளியேற, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அப்பாவும் பின்னால் ஓடினார். வடிவு தனியாக நின்றாள்.

வெளியே ஆவணி மழை. தோல் பதனிடும் கொட்டகைகளின் நாற்றத்தை அது கரைக்கவில்லை, இன்னும் கனமாக்கித் தகரக் கூரைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தது. மாஹிம் கழிமுகத்துச் சேறு எங்கோ பக்கத்தில் குமிழி விட்டு மூச்சு வாங்கிற்று. நாளை நாரளி பௌர்ணமி. கோளி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் போட்டதும் மழை மாதங்களில் கரையில் கிடந்த படகுகள் எல்லாம் இறங்கும். அண்ணாச்சியின் படகும் இறங்கும். எதைக் கொண்டுவரப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

பக்கத்துச் சந்தில் பூதத்தானின் மனைவி பூமாரி இன்னும் பூ வைத்துக்கொண்டிருந்தாள். “தண்ணில கண்டம்னு சொன்னாவ வடிவு. தர்காவுல மந்திரிச்சு, செம்புத் தாயத்தக் கறுப்புக் கயித்துல கோத்து அவுக இடுப்புல நானேதான் கட்டிவிட்டேன். ஒண்ணும் ஆவாது,” என்பாள். ‘செம்புக்குக் கரண்டைக் கடத்தத்தான் தெரியும், ஆளைக் காப்பாத்தத் தெரியாது’ என்று வடிவு சிரித்திருக்கிறாள். வீட்டில் முதல் பட்டதாரி அவள். பௌதிகம். இன்டர்வியூவில் டைப் தெரியுமா என்றார்கள், கல்யாணம் எப்போது என்றார்கள். அந்த எரிச்சலோடுதான் அப்பாவின் பட்டறையில் வந்து உட்கார்ந்தாள். பேய், கண்டம் என்று யாராவது ஆரம்பித்தால் அவளுக்குப் பயம் வராது, கோபம் வரும்.

மரச்சட்டத்தில் தொங்கிய, படகின் பின்னால் மாட்டும் வெளிநாட்டு மோட்டாரைச் சுற்றிவந்தாள். ஸ்விட்சை அமுக்கினால் மொத்த மோட்டாரும் பின்னால் சாய்ந்து விசிறி தண்ணீருக்கு மேலே வரும், மறுபடி அமுக்கினால் இறங்கும். சேற்றுக் கரையில் விசிறி சிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு. தானாக ஏறுகிறதென்றால் காரணம் சுலபம். உப்பு அரித்து ஸ்விட்சுக்குள் ஷார்ட். அல்லது ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்விட்சைப் பிரித்தாள். பச்சைக் களிம்பு. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். டெஸ்ட் லாம்ப் வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தாள். எல்லாம் சரி. பாட்டரியை மாட்டி அமுக்கினாள். ரிலே டக்கென்றது, பம்ப் முனகியது, மோட்டார் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏற்றி இறக்கினாள். இவ்வளவுதானே!

பழைய எண்ணெய்ப் பீப்பாயைக் கூரைத் தண்ணீரால் நிரப்பிச் சட்டத்துக்கு அடியில் தள்ளினாள். மெதுவாக இறக்கினாள். விசிறி தண்ணீரைத் தொட்டது.

மோட்டார் ஏறியது.

ஸ்விட்சில் அவள் விரலே இல்லை. அதுகூடப் பெரிதில்லை. ரிலே டக்கென்று சொல்லவில்லை, பம்ப் முனகவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவே அந்த இரும்பு, சத்தமே இல்லாமல், யாரோ பொறுமையாகத் தூக்குவதுபோல் எழுந்து நின்றது.

மறுபடி இறக்கினாள். தண்ணீரைத் தொட்டதும் பாட்டரி ஒயரைப் பிடுங்கினாள்.

ஏறியது.

தூக்கும் பம்பில் எண்ணெய் கசிந்தால் கீழே இறங்கும். மேலே ஏறாது. எந்தப் புத்தகத்திலும் ஏறாது. இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய எடை. ஒயரில் கோளாறு இல்லையென்றால் வேறெங்கோ இருக்க வேண்டும். வேறெங்கே? பீப்பாயிலிருந்து வாடை வந்தது. கூரையில் விழுந்த மழைத் தண்ணீர். உப்பும் சேறுமாக வீசியது.

விளக்கைக் குனிந்து பிடித்தாள். மோட்டாரின் அடிமுனையில் ஈரத் தடம். ஒரு பக்கம் நான்கு. மறுபக்கம் ஒன்று, கட்டை விரல் அளவுக்கு.

தன் கைதான். வேறென்ன? தன் கையைப் பார்த்தாள். கிரீஸ். காய்ந்திருந்தது.

விசிறியைக் கழற்றினாள். விசிறிக்குப் பின்னால், தண்டில், ஏதோ இறுகச் சுற்றியிருந்தது. மீன் நரம்பு என்று நினைத்துக் கத்தியால் நெம்பினாள். நரம்பு இல்லை. கயிறு. கறுப்புக் கயிறு. கடைசிச் சுற்றில், நசுங்கிப்போன ஒரு செம்புக் குழல்.

தாயத்து.

கடலோரச் சேறு. சிக்கிக்கொண்ட விசிறி. ஒருவன் கீழே இறங்கியிருப்பான், சிக்கை எடுக்க. தூரத்தில் கஸ்டம்ஸ் லாஞ்சின் வெளிச்சம். மேலே படகில் இருந்த ஒருவர் பொறுக்கவில்லை. ஸ்விட்ச். மோட்டார் கீழே. எஞ்சின்.

அவன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருப்பான்.

இன்னும் பிடித்திருக்கிறான்.

பீப்பாயில் தண்ணீர் அசைந்தது. வடிவு விலகவில்லை. விலக முடியவில்லை. முதலில் விரல்கள். ஊறி வெளுத்த விரல்கள், நகக்கண் நிறையச் சேறு. பிறகு மணிக்கட்டு. மோட்டாரை அது தொடவில்லை. அவள் பக்கம் திரும்பியது. உள்ளங்கையை விரித்தது. காத்திருந்தது.

கயிற்றைக் கேட்கிறது.

“தர மாட்டேன்,” என்றாள். குரல் அவளுடையது மாதிரி இல்லை. “இது பூமாரிக்கு.”

கை தாழவில்லை.

கழற்றிய விசிறியை ஒரு கையிலும் தாயத்தை மறு கையிலும் எடுத்துக்கொண்டாள். பூமாரி வீடு. பிறகு போலீஸ். அண்ணாச்சியின் ஆட்கள் அப்பாவை அடிப்பார்கள், பட்டறையை உடைப்பார்கள். உடைக்கட்டும். பூலோகம் அந்தப் படகில் ஏற மாட்டான்.

மழையில் இறங்கினாள். பின்னால் பீப்பாய் நிரம்பி வழிந்தது. தகரத்தில் ஏதோ கனமாக உரசியது. சொத்தென்று தரையில் ஒரு கால். இன்னொரு கால்.

அவள் திரும்பவில்லை. பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து நடந்தாள். பத்தடி பின்னால், ஈரக் கால்கள், அவள் நடைக்கு நடை, அதே வீட்டுக்கு.