ஔ. கோமதிநாயகம்

தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன்பே கோமதிநாயகம் பதினொரு பொய் சொல்லி முடித்துவிடுவார். செவ்வாய்க் கோளின் தென்பொருநைக் குடியிருப்பில், கண்ணாடிக் கூரைக்கு மேலே சோகை பிடித்த சூரியன் எழும் நேரம் அது. மாத்திரைப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு நினைவுப்பொட்டாக எடுத்துக் காதுக்குப் பின்னால் ஒட்டுவார். ஒரு பெயரும் ஒரு நோயும் சொல்வார். கழற்றி வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்.

நினைவுப்பொட்டு மிளகு அளவுகூட இல்லாத ஒரு சில்லு. மறந்துபோனதைக் காதெலும்பின் வழியே கிசுகிசுக்கும். சாவி வைத்த இடம், எதிரே வருபவரின் பெயர், அடுப்பில் ஏற்றிய பால், எதுவானாலும் சொல்லும். பதினொரு நிறுவனங்கள் அதை இலவசமாகவே கொடுத்தன. பதினொன்றும் டப்பாவின் மேல் ‘உங்கள் அந்தரங்கம் எங்கள் உயிர்’ என்று எழுதியிருந்தன. அடுத்தவர் அந்தரங்கத்துக்காக இத்தனை பேர் இலவசமாக உயிரை விடுவார்களா என்று கோமதிநாயகத்துக்கு உறுத்தியது.

ஆனால் பொட்டு இல்லாமலும் முடியாது. விண்கதிர் பட்டுப் பட்டு வரும் மறதி ஆறு மாதமாக அவரைப் பிடித்திருந்தது. அவர் வேலை பார்க்கும் விதைக் கிடங்கில் கத்தரிப் பெட்டிக்குள் தக்காளி போனது. விஷயம் மனைவி உலகம்மைக்கு மட்டும் தெரியும். நிர்வாகத்துக்குத் தெரிந்தால் அடுத்த கப்பலில் பூமிக்கு ஏற்றிவிடுவார்கள். அதில் மேல்முறையீடு கிடையாது. உலகம்மை நீர்ப்பண்ணைப் பொறியாளர். அவளுடைய ஒப்பந்தம் முடிய இன்னும் ஆறு வருடம் இருந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்தாற்போல் பத்து நாள் பிரிந்திருந்ததில்லை.

ஆகவேதான் இந்தச் சோதனை. தூண்டில் முள்ளாக அவர் எடுத்துக்கொண்டது இனிஷியலை. முதல் பொட்டிடம் அ. கோமதிநாயகம், முழங்கால் வலி என்றார். இரண்டாவதிடம் ஆ. கோமதிநாயகம், வாயுத் தொல்லை. இப்படியே உயிரெழுத்து வரிசையில் ஔ வரைக்கும். நடுவில் ஐ மட்டும் கிடையாது. அவருடைய அப்பா ஐயம்பெருமாள். அது சொந்த எழுத்து. நிர்வாகத்தின் பதிவேட்டில்கூட அவர் எண்தான், எழுத்து இல்லை. எந்த ஓட்டை வழியாகக் கசிந்தாலும், கசிந்தது தன் எழுத்தோடு வந்து நிற்கும் என்பது கணக்கு.

அன்று மதியமே குளியலறைக் கண்ணாடி, “அன்புள்ள அ. கோமதிநாயகம், முழங்காலுக்கு எண்ணெய் வேண்டுமா?” என்று கேட்டது. சாயங்காலம் சாப்பாட்டு மேசை ஆ. கோமதிநாயகத்துக்குப் பெருங்காய மாத்திரை சிபாரிசு செய்தது. ஏ கொஞ்சம் நாகரிகமான பேர்வழி. ஒரு மாதம் பொறுத்தது. பிறகு நெரிசலான லிஃப்டில் வைத்து, “மூலம் இப்போது எப்படி இருக்கிறது, ஏ. கோமதிநாயகம்?” என்று விசாரித்தது. பக்கத்தில் நின்றவர்கள் தள்ளி நின்றார்கள்.

“ஏங்க, ஒத்த மனுசனுக்குப் பதினோரு அப்பாவா?” என்றாள் உலகம்மை. “எங்க அத்தை காதுல விழுந்தா என்னத்துக்கு ஆகும்?”

கோமதிநாயகம் சிரிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஏ-யைச் சிவப்பு மையால் அடித்தார்.

நாலு மாதத்தில் ஔ ஒன்றுதான் மிஞ்சியது. பனிச்சுரங்கத்துப் பக்கம் மூன்று பேர் நடத்தும் சின்ன நிறுவனம் அது. சொன்னது எதுவும் பொட்டை விட்டு வெளியே போகாது. யாராவது திறக்கப் பார்த்தால் தானே கருகிவிடும். அப்படியும் இன்னொரு வாரம் அதை நம்பாமல் வைத்திருந்துவிட்டு, கடைசியில் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்தை மட்டும் ஔ என்றே விட்டுவிட்டு, நோயின் உண்மையைச் சொன்னார். இரண்டு மாதம் ஓடியது. தக்காளி தக்காளிப் பெட்டியிலேயே இருந்தது.

பிறகு ஒரு காகிதக் கடிதம் வந்தது. தென்பொருநையில் காகிதத்தில் நல்ல செய்தி வருவதில்லை. ‘ஐ. கோமதிநாயகம் அவர்களுக்கு. தங்களுடைய மறதி நோய் நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. பதினான்காம் தேதிக் கப்பலில் தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.’

அவர் பார்வை முதல் எழுத்தைத் தாண்டவில்லை. ஐ. அந்த எழுத்தும் அந்த நோயும் சேர்த்துத் தெரிந்தவர் இந்தக் கோளிலேயே ஒருத்திதான். அவள் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாருகிட்ட சொன்ன?”

உலகம்மை கடிதத்தை வாங்கிப் படித்தாள். திரும்ப ஒருமுறை படித்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“இருபத்தெட்டு வருசத்துக்குப் பொறவு என்னைச் சந்தேகப்படுதீகளா? அந்த ஔ கிட்டயே கேளுங்க.”

கேட்டார். பொட்டு வழக்கமான மெல்லிய குரலில், “மூன்று நாளைக்கு முன் நீங்களே எழுதினீர்கள். ஊர்ப்பலகையில் இருக்கிறது” என்றது.

“ஏன் தடுக்கல?”

“உங்கள் அந்தரங்கத்தில் நாங்கள் தலையிடுவதில்லை.”

உலகம்மை சுவரைத் தொட்டாள். குடியிருப்பு முழுக்கப் படிக்கும் ஊர்ப்பலகை விரிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது அவர் கடிதம்.

‘பொருள்: நம்பகமான நினைவுப்பொட்டு ஒன்றைப் பரிந்துரைத்தல் சார்பாக. ஐயா, அம்மா, நான் ஒரு வருடமாக மறதி நோயால் அவதிப்பட்டு வருகிறேன். இச்செய்தி இன்றுவரை நிர்வாகத்துக்குத் தெரியாது என்பதே இப்பொட்டின் சிறப்புக்குச் சான்று. நான் கையாண்ட சோதனை முறையைக் கீழே வரிசையாகத் தந்துள்ளேன்.’ முறை பதினேழு வரி போயிற்று. முடிவில், ‘இப்படிக்கு, ஐ. கோமதிநாயகம், விதைக் கிடங்கு, மூன்றாம் வரிசை, கதவு எண் 41.’ பாராட்டுக் கடிதத்தில் பொய்க் கையெழுத்துப் போட மனம் வந்திருக்காது. பக்கத்தில் காதைத் திருப்பிக் காட்டிக்கொண்டு சிரிக்கும் படம் வேறு.

எழுதியது அவருக்குத் துளியும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நடை தன்னுடையதுதான் என்று தெரிந்தது. ஆரம்பத்திலிருந்து ஒருமுறை படித்தார். ஒரு பிழை இல்லை.

“பதினாலுக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு” என்றாள் உலகம்மை. அவர் கை நீண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டது. கண் மட்டும் சுவரிலேயே இருந்தது.

“கீழ எத்தனை பேரு விருப்பம் போட்டிருக்காங்க?”

“நானூத்திப் பத்து.”

“நானூத்திப் பத்தா” என்றார் கோமதிநாயகம். “குடியிருப்புலயே மொத்தம் அறுநூறு பேருதான?”