சர்வேயர் வரும்வரை

மந்தாரக்குப்பத்தில் சக்கரபாணி பைக்கை நிறுத்தியபோது வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. பழைய வீட்டின் மேல் மாடி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புதுத் தளம் மொத்தமாகக் கீழே உட்கார்ந்துவிட்டது. வேலை நடக்கும் காலத்துக்கென்று கட்டடத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். சேதத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டிய சர்வேயர் சக்கரபாணி.

தொழிலில் அவர் கறார் பேர்வழி. திங்கட்கிழமையே காண்ட்ராக்டர் மதிவாணனிடம் போனில் சொல்லிவிட்டார். "நான் வர்ற வரைக்கும் ஒரு செங்கல்லக்கூட தொடாதீங்க. தொட்டா கிளெய்ம் கிடையாது." சொன்னவர் மறுநாளே வந்திருக்கலாம். திருவதிகையில் மச்சினன் வீட்டுக் கல்யாணம் குறுக்கே வந்தது. விருந்தெல்லாம் முடித்துக்கொண்டு சாவகாசமாகத்தான் வந்திருந்தார்.

"எட்டு ஆளுங்க சார். பாலிசிக்குக் குடுத்த லிஸ்ட்டுப்படி ஒவ்வொருத்தருக்கா போன் போட்டுக் கேட்டுட்டேன். எல்லாரும் நல்லா இருக்காங்க," என்றார் மதிவாணன். "நீங்க சொன்னபடி காக்கா குருவியக்கூட அண்ட விடலீங்க."

சக்கரபாணிக்குத் திருப்தி. சாய்ந்து கிடந்த தளத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு ஆள் ஊர்ந்து போகிற அளவு சந்து இருந்தது. உள்ளே தளத்தைத் தாங்கிய முட்டுக்கம்பு எப்படி முறிந்தது என்று ஒரு போட்டோ வேண்டும். சிறு சுத்தியலும் போனுமாகக் குப்புறப் படுத்து நுழைந்தார்.

உள்ளே ஈரச் சிமெண்ட் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை. எலி செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் நகர்ந்தபோது அவர் கால் எதையோ இடித்தது. பின்னால் ஒரு கம்பு சரிந்தது. மடமடவென்று ஏதோ விழுந்து, வந்த வழியின் வெளிச்சம் அணைந்தது. கையிலிருந்த போன் எங்கோ இடுக்கில் போய்விட்டது.

முதுகில் கான்கிரீட். நெஞ்சில் தரை. திரும்ப முடியவில்லை.

கத்தினார். வாய் நிறையத் தூசி. குரல் அவர் காதுக்கே எட்டவில்லை. சுத்தியலால் தளத்தைத் தட்டினார்.

வெளியே மதிவாணன் யாரிடமோ சொல்வது தெளிவாகக் கேட்டது. "சார் கான்கிரீட்ட தட்டிப் பாத்துகினு இருக்காரு. அவரா சொல்ற வரைக்கும் யாரும் எதையும் தொடாதீங்கடா!"

சக்கரபாணி வெறி பிடித்தவர் போலத் தட்டினார். யாரும் வரவில்லை. பக்கத்துச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட் முடிந்து பஸ்கள் போகிற சத்தம் கேட்டது. பயத்தில் அழுதேவிட்டார். கை ஓய்ந்து நிறுத்தினார்.

டொக். டொக். டொக்.

அவர் தட்டவில்லை.

சத்தம் உள்பக்கமிருந்து வந்தது.

"சார்... வந்துட்டீங்களா?"

பெண் குரல். வறண்ட, மெதுவான குரல்.

"யாரு... யாரு அது?"

"சாமியம்மாங்க. பார்வதிக்கு அன்னைக்கு ஒடம்பு சரியில்ல. வேல போயிடும்னு அவ பேர்ல என்னைய அனுப்புனா."

லிஸ்டில் பார்வதி. போனை எடுத்ததும் பார்வதி. நல்லா இருக்கேன் என்றதும் பார்வதி.

"நீ... சத்தம் போட்டிருக்கலாமே?"

"தட்டிகினேதான் இருந்தேன் சார். நீங்க வர்ற வரைக்கும் தொடக்கூடாதுன்னு பேசிகினாங்க. எனக்கும் கேட்டுச்சு."

சில்லென்ற விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்தன.

"அதான் காத்துகினு இருந்தேன்."

டீ ஆறிப்போகிறதே என்று கூப்பிட வந்த மதிவாணன்தான் வழி அடைபட்டதைப் பார்த்தார். சக்கரபாணியை இழுத்து வெளியே போட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "உள்ள ஒரு பொம்பள இருக்கு. எல்லாத்தையும் அள்ளுங்க."

அள்ளினார்கள். அவர் கிடந்த இடத்துக்குக் கையெட்டும் தூரத்தில் சாமியம்மாள் இருந்தாள். விறைத்த கையில் ஒரு கல். தலைக்கு மேலே கான்கிரீட்டில் வெள்ளையாகத் தட்டிய தடம்.

செவ்வாய் ராத்திரி வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

"சத்தம் கேக்குதுன்னு வாட்ச்மேன் சொன்னான் சார்," மதிவாணன் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "இடிஞ்சது எறங்கி உக்கார்ற சத்தம்னு நான்தான் சொன்னேன். சாமியம்மா பயந்து ஊருக்குப் போயிட்டான்னு பார்வதியும் நெனச்சிட்டா."

சக்கரபாணி அறிக்கையில், லிஸ்ட்டில் இல்லாத ஒன்பதாவது பெயராகச் சாமியம்மாளை எழுதினார். தான் வந்த தேதியையும் மறைக்காமல் எழுதினார். மணிக்கட்டிலிருந்த சிமெண்ட் கறை மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஒரு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு, நெல்லிக்குப்பத்திலிருந்து கொளஞ்சிநாதன் என்று ஒரு காண்ட்ராக்டர் கூப்பிட்டார். புதுச் சுவர் ஒன்று விழுந்துவிட்டதாம்.

"அள்ளுங்க! எனக்காகக் காத்திருக்காதீங்க, இப்பவே அள்ளுங்க!" என்று கத்தினார் சக்கரபாணி.

"அள்ளத்தாங்க போனோம். ஒரு அம்மா வுட மாட்டேங்குது. மேலெல்லாம் சிமெண்ட் தூசி. சார் வரட்டும்னு கல்லு மேலயே உக்காந்துகினு இருக்கு. உங்க ஆபீஸ் ஆளுங்களா?"

சக்கரபாணி மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "ஆளுங்கள... எண்ணிட்டீங்களா?"

"லிஸ்ட்டுப்படி எல்லாரும் இருக்காங்க சார்."

போனுக்குள், தூரத்தில், டொக். டொக். டொக்.

"என்னங்க அது சத்தம்?"

"அது ஒண்ணுமில்ல சார். இடிஞ்சது எறங்கி உக்காருது."