பனிக்கிடங்கின் மூன்றாம் அறை

மூன்றாம் அறையின் கதவிடுக்கில் உறைபனி விரல் நீளத்துக்கு ஊசி ஊசியாக முளைத்திருந்தது. மேவிஸ் நெற்றி விளக்கைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தாள். ஆள் மூச்சு படுகிற இடத்தில்தான் அப்படி முளைக்கும். வடதுருவக் கடலோரத்து ஊரின் இந்தப் பொது நிலத்தடிக் கிடங்கில் ஏப்ரலுக்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. மற்ற வீடுகளுக்கெல்லாம் ஃப்ரீசர் வந்துவிட்டது.

"என்ன அண்ணி, மீன்கிட்ட குசலம் விசாரிக்கிறீங்களா?"

முப்பதடி மேலே, திறப்பின் ஆகஸ்ட் வெளிச்சத்தில் நோயலின் தலை தெரிந்தது. அவள் கணவன் சைலஸின் தம்பி. மீன் மூட்டையை மேலே இழுக்கக் கயிற்றோடு குந்தியிருந்தான்.

"உன்னவிட அதுங்க ஒழுங்கா பதில் சொல்லுது. கயித்த விடு."

அவன் சிரிப்பு ஓய்ந்ததும் கிடங்கின் அமைதி காதை அடைத்தது. பழுப்பு மணல், சாம்பல் பனி, மறுபடியும் மணல் என்று வரிவரியாக இறுகிக் கிடந்த சுவர்களிலிருந்து பழைய மீனெண்ணெயும் ஈரச் சரளையும் கலந்த வாடை கசிய, அந்த வாடைக்குள் எங்கோ மிக மெதுவாக ஏதோ இழுத்து விடப்படுகிற ஓசை அவளுக்குக் கேட்டது. இழுத்தது. நின்றது. விட்டது.

கதவுக்கு உள்ளேயிருந்து.

கிடங்கின் மூடி திறந்திருந்தால் வழியில் போகிறவர் யாரானாலும் மூடிவிட வேண்டும் என்பது ஊர் வழக்கம். வெப்பம் இறங்கினால் உள்ளே இருக்கிற மீனெல்லாம் கெட்டுப்போகும். ஏப்ரலில் பனிக்காற்று வீசிய ஒருநாள் மேவிஸும் அப்படித்தான் மூடினாள். மூடி திறக்காதபடி ஆப்பு அடிக்கும்போது கீழே ஏதோ தட்டியது. பனி வெடிக்கிறது என்று நினைத்தாள். அன்று மாலை சைலஸ் வீடு திரும்பவில்லை. அவன் கடல்பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன் என்று எல்லாரிடமும் அவளே சொன்னாள். ஒன்பது நாள் ஊரே உறைந்த கடலில் அலைந்தது. நோயலின் இரண்டு கால்விரல்கள் அந்தத் தேடலில் குளிரால் கருகிப் போயின.

கதவை இழுத்தாள்.

மீன்முட்கள். சுத்தமாகச் சப்பி, சுவரோரம் அடுக்கியவை. அதற்கப்பால் சைலஸ். முகமெல்லாம் வெள்ளை ஊசிகள். வாயருகே மட்டும் அவை அசைந்தன. முன்னே. பின்னே. கண் திறந்திருந்தது.

அவளையே பார்த்தது.

"அண்ணி! என்ன ஆச்சு? நான் இறங்கட்டுமா?"

கேட்பார்கள். மூடியது யார் என்று கேட்பார்கள். நோயல் கேட்பான், அந்தக் கால்களோடு நின்று.

"வேண்டாம்." அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "ஒண்ணுமில்ல. எல்லாம் அழுகிப் போச்சு. இந்த ரூமை இனிமே திறக்கவே கூடாது."

கதவைச் சாத்தினாள். கொண்டியைப் போட்டாள். உள்ளே ஓசை நின்றுவிட்டது.

ஏணி. ஒரு படி. இன்னொன்று. பாதித் தூரம். வெளிச்சம் முகத்தில் பட்டது. நோயல் குனிந்து கை நீட்டினான்.

காலுக்குக் கீழே, இன்னொருவர் ஏறியதுபோல் ஏணி ஒருமுறை கனத்தது.

நோயல் அவளைத் தாண்டிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தான். நீட்டிய கை மெல்லப் பின்வாங்கியது.

அவள் குதிகாலை ஐந்து விரல்கள் பற்றின. அவை சூடாக இருந்தன.